ரெண்டு அடுப்பு வீடு

ஆபீசர்: அம்மா, அந்த பெட்ஷீட்ட எடுத்துடுங்க. டிவிக்கெல்லாம் வீட்டு வரி கிடையாது.

வீட்டம்மா: இல்லம்மா... தூசி படியுதேன்னு...

ஆபீசர்: ஃபிரிட்ஜுக்கும் தூசியா?

வீட்டம்மா: அதுவும் தூசிதான்.

ஆபீசர்: வாஷிங் மெஷின் மேல பாய வேற சாத்தி வச்சிருக்கீங்க...

வீட்டம்மா: சரி, விடும்மா. எதிர் வீட்டுக்காரிதான் சொன்னா. வரி ஆபீசர் வரும்போது சாமான் எதுவும் கண்ணுல படக்கூடாது, பட்டுச்சுன்னா ஏத்திப்புடுவாங்கன்னு. காலையிலேருந்து இழுத்து இழுத்து மூடி இடுப்பே கழண்டு போச்சு.

ஆபீசர்: அடக் கஷ்டமே! நீங்க தங்கத்துல கட்டில் போட்டுப் படுத்தாலும் எனக்கு அது கணக்கு இல்லம்மா. நான் பாக்கறது கட்டடத்த மட்டும்தான். எவ்வளவு எடம், கூரை கான்கிரீட்டா தகரமா, கட்டி எவ்வளவு காலமாச்சு, எந்தத் தெரு, யாரு குடியிருக்காங்க. அவ்வளவுதான்.

வீட்டம்மா: யாரு குடியிருக்காங்கன்னு கூடவா?

ஆபீசர்: அதான் முக்கியமே. ஓனரே குடியிருந்தா வரி கம்மி. வாடகைக்கு விட்டிருந்தா கூடும். ஏன் கேக்கறீங்க?

வீட்டம்மா: சும்மாதான் கேட்டேன். கேக்கக் கூடாதா?

ஆபீசர்: நல்லா கேளுங்க. இந்த டேப்போட முனைய மட்டும் செவுத்தோட அழுத்திப் பிடிங்க. என்கூட வர்ற ஆளு இன்னிக்கு லீவு... ஆங், அப்படித்தான். வீடு யாரு பேருல இருக்கு?

வீட்டம்மா: என் பேருல.

ஆபீசர்: பரவாயில்லையே! நீங்க வாங்கினதா?

வீட்டம்மா: எங்க வீட்டுக்காரர் சம்பாத்தியம்மா. மனை வாங்கிப் பத்திரம் பதியற அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். கையெழுத்துப் போட நான் பேனாவ எடுத்து அவர்கிட்ட நீட்டறேன், "நீ போடு, உன் பேருலதான்"ன்னு திருப்பி நீட்டறாரு. என் கையெழுத்தே கோணலாப் போச்சு.

ஆபீசர்: அவர் எங்க இப்ப?

வீட்டம்மா: வெளிய போயிருக்காரு.

ஆபீசர்: எப்ப வருவாரு?

வீட்டம்மா: எனக்கென்ன தெரியும்? போகும்போது சொல்லிட்டா போனாரு?

ஆபீசர்: சரி சரி... சமையல்கட்ட அளந்துடலாமா? அட... என்னம்மா இது, டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டியிருக்கு! ஒண்ணு, ரெண்டு, மூணு... அந்தக் கடைசி வரைக்கும்!

வீட்டம்மா: அவர் வேலைதான். குடோன்ல ஸ்டோர் கீப்பரா இருந்தாரு. ரிட்டயர் ஆனாரா... வீட்டுல சும்மா உக்கார முடியல. ஒரு நாள் நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள என் சமையல்கட்ட குடோன் ஆக்கி வச்சுட்டாரு.

ஆபீசர்: நல்லதுதானே? தேடவே வேண்டாம்.

வீட்டம்மா: நீ வேற! கண்ணக் கட்டி விட்டாலும் உப்ப எடுப்பேன் நான். நம்பர் ஒட்டினப்புறம் எனக்கே ஒண்ணும் வெளங்கல. விருந்தாளிங்க வந்திருக்காங்க... ஏழும் ஒம்பதும் மாறி டீயில உப்பு விழுந்துடுச்சு. என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு வாய் குடிச்சுட்டு முழிச்ச முழி இருக்கே...

ஆபீசர்: துப்பிட்டாரா?

வீட்டம்மா: மரியாதைக்காரர். முழுங்கிட்டாரு. எனக்குத்தான் மானமே போச்சு.

ஆபீசர்: அப்ப இந்த நம்பரெல்லாம் கிழிச்சுப் போட்டிருக்கலாமே?

வீட்டம்மா: ...பசை நல்லா ஒட்டிக்கிச்சு. வர மாட்டேங்குது.

ஆபீசர்: ஓரமெல்லாம் எழும்பி நிக்குதேம்மா. ஊதினாலே வந்துடும் போலிருக்கு.

வீட்டம்மா: நீ வீட்ட அளக்க வந்தியா, டப்பாவ அளக்க வந்தியா?

ஆபீசர்: தப்புத்தான். வாங்க, மாடிக்குப் போலாம். இது என்ன, படியில ஒரு டிபன் பாக்ஸ்?

வீட்டம்மா: பூனைக்கு.

ஆபீசர்: பூனைக்கு டிபன் பாக்ஸா?

வீட்டம்மா: திறந்து வச்சா எறும்பு மொய்க்குது.

ஆபீசர்: பூனை எப்படிம்மா மூடியத் திறக்கும்?

வீட்டம்மா: கெட்டிக்காரப் பூனை. ஏறும்மா, பேசிக்கிட்டே நிக்கற.

ஆபீசர்: நீங்க மெதுவா... கைப்பிடியப் பிடிச்சுக்கோங்க. முட்டி வலியா?

வீட்டம்மா: படி ஏறினாத்தான். மேல வந்தே ரொம்ப நாளாச்சு.

ஆபீசர்: வாசல் தனியா இருக்கே. சார்! சார்... வீட்டு வரிக்கு அளக்க வந்திருக்கோம். கொஞ்சம் கதவத் திறக்கறீங்களா?

மாடிக்காரர்: இதோ வந்துட்டேன்... அட, முட்டிய வச்சுக்கிட்டு உன்ன யாரு படி ஏறச்... ஏறச் சொன்னாங்க... உங்கள?

வீட்டம்மா: ஆபீசர் கூப்பிட்டாங்க. வந்தேன்.

மாடிக்காரர்: உக்காருங்க. அந்த நாற்காலியில.

வீட்டம்மா: நான் நின்னுக்கறேன்.

மாடிக்காரர்: நாற்காலி ஒண்ணும் கடிச்சுடாது.

ஆபீசர்: அம்மா, உக்காருங்க, மூச்சு வாங்குது. சார், நீங்க இங்க...?

மாடிக்காரர்: குடித்தனம் இருக்கேன்.

ஆபீசர்: வாடகைக்கா?

மாடிக்காரர்: வாடகைக்குத்தான்.

ஆபீசர்: ஏம்மா, கீழ நான் அவ்வளவு விளக்கிச் சொன்னேனே... மாடிய வாடகைக்கு விட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?

வீட்டம்மா: அதான் அவரே சொல்லிட்டாரே. அவர் வாயால சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கோ.

மாடிக்காரர்: ஓனர் சொன்னப்புறம் என்ன? எழுதிக்கோங்க.

ஆபீசர்: எழுதறது இருக்கட்டும், முதல்ல அளப்போம். சார், நீங்க அந்த மூலையில போய் டேப்ப பிடிங்க. அம்மா, நீங்க உக்காந்தபடியே இந்த முனைய பிடிச்சுக்கோங்க. இழுத்துப் பிடிங்க சார், தொங்குது.

மாடிக்காரர்: ரொம்ப இழுத்தா அவங்க கையிலேருந்து போயிடும்.

வீட்டம்மா: என் கையிலேருந்து போகாது. பிடிச்சா பிடிச்சதுதான். இடையில விட்டுட்டுப் போறது என் பழக்கம் இல்ல.

மாடிக்காரர்: விட்டுட்டுப் போறவன் காரணம் இல்லாம போக மாட்டான்.

ஆபீசர்: டேப்பத்தானே சொல்றீங்க?

மாடிக்காரர்: டேப்பத்தான்.

ஆபீசர்: சரி... ஒரு ரூம், ஒரு பாத்ரூம். வெளிய மொட்டை மாடி திறந்த வெளி, அது கணக்குல வராது. இந்த மூலையில என்ன... கரண்ட் அடுப்பு. சமைக்கறீங்களா சார்?

மாடிக்காரர்: ஏதோ... வெந்நி வைப்பேன். முட்டை அவிப்பேன்.

வீட்டம்மா: முட்டையா! பிரஷர் இருக்கற உடம்புக்கு டெய்லி முட்டையா?

மாடிக்காரர்: டெய்லி யாரு சொன்னா?

வீட்டம்மா: குப்பைக் கூடையில ஓடு கெடக்குதே, எனக்குக் கண்ணு இல்லையா?

ஆபீசர்: சார், உங்களுக்கு பிரஷர் இருக்கறது வீட்டு ஓனருக்கு எப்படித் தெரியும்?

மாடிக்காரர்: மாத்திரை வாங்கப் போவேன்... பாத்திருப்பாங்க.

ஆபீசர்: ஓஹோ. அப்ப பகல் சாப்பாட்டுக்கு முட்டைதானா?

மாடிக்காரர்: இல்ல, பகலுக்கு... அது வந்து... படியில ஒரு...

ஆபீசர்: படியில பூனைக்குத்தானே சாப்பாடு இருந்துச்சு?

மாடிக்காரர்: பூனைக்கா? அப்படியா சொன்னாங்க?

வீட்டம்மா: ஆமா, பூனைக்குத்தான். ஒரு நாள் கூட நல்லா இருக்குன்னு வாயத் திறக்காத பூனை.

மாடிக்காரர்: டப்பாவ கழுவித் துடைச்சு வைக்குதுல்ல அந்தப் பூனை?

வீட்டம்மா: வைக்குது. இல்லேங்கல.

மாடிக்காரர்: உப்புதான் கொஞ்சம் கம்மியா இருக்காம்.

வீட்டம்மா: டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்காரு. பூனைக்கு.

ஆபீசர்: நான் எத்தனையோ வீடு அளந்திருக்கேன், பிரஷர் இருக்கற பூனைய இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்... சார், அந்த அலமாரியில டீத்தூள் டப்பாவுல நம்பர் ஒண்ணு, சர்க்கரையில ரெண்டு... இருக்கறது ஒரே ஒரு டம்ளர், அதுக்குமா நம்பர்?

மாடிக்காரர்: அது... ஒரு ஒழுங்குக்கு.

ஆபீசர்: கீழயும் இதே மாதிரி...

வீட்டம்மா: நீ அளந்து முடிச்சிட்டியாம்மா?

ஆபீசர்: முடிஞ்சுது. சார், எனக்கு ஒண்ணு புரியல. இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?

மாடிக்காரர்: முன்னாடி இருந்த எடம் நல்ல எடம்தான். ரொம்ப வருஷம் இருந்தேன்.

ஆபீசர்: அப்புறம் ஏன் காலி பண்ணீங்க?

மாடிக்காரர்: ஒரு நாள், "இது என் வீடு"ன்னு சொல்லிட்டாங்க. நாலு பேரு முன்னாடி. நிஜம்தானே? பத்திரத்துல அவங்க பேருதானே இருக்கு? நம்ம எடம்னு நெனச்சு உரிமையா கை வைக்கறோம்... நம்ம எடம் இல்லன்னு தெரிஞ்சப்புறம் அங்க எப்படிம்மா உக்காந்து சாப்பிடறது? தொண்டையில எறங்கல.

ஆபீசர்: கோவத்துல வந்த வார்த்தையா இருக்கும் சார்.

மாடிக்காரர்: எதுல வந்தா என்ன? வந்துடுச்சு.

வீட்டம்மா: ஏம்மா, உனக்கு நான் ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். சொன்னது பாதி, எடுத்துக்கறது பாதி. அன்னிக்கு டீயில உப்பு விழுந்துச்சுன்னு சொன்னேன்ல? நான் சொன்னது என்ன தெரியுமா... "இது குடோன் இல்ல, என் வீடு. என் சமையல்கட்ட விட்டு வெளிய போங்க"ன்னு சொன்னேன். சமையல்கட்ட விட்டு! அவரு பொட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டையே விட்டு... வெளிய போயிட்டாரு.

மாடிக்காரர்: அவர் காதுல "என் வீடு"தான் விழுந்திருக்கும்.

வீட்டம்மா: மிச்சத்த கேக்க அவரு நிக்கணும்ல?

மாடிக்காரர்: திரும்பி வாங்கன்னு அந்தம்மா ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ல?

வீட்டம்மா: அவரு ஒரு தடவ கதவத் தட்டியிருக்கலாம்ல?

ஆபீசர்: ...நான் வேணும்னா கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?

வீட்டம்மா: எதுக்கு? நீ உன் வேலையப் பாரு.

ஆபீசர்: என் வேலை இப்ப கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா. சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. தனி வாசல் இருக்கு. தனி அடுப்பு இருக்கு. வாடகைக்கு ஆளு இருக்காருன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. அப்படின்னா இது ஒரு வீடு இல்ல. ரெண்டு வீடு.

வீட்டம்மா: என்னது?

ஆபீசர்: கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. கதவு நம்பரே ரெண்டாயிடும். உங்களுக்கு இப்ப இருக்கற நம்பர், இவருக்கு அது பக்கத்துல ஒரு 'ஏ'. வரி ரசீது தனித்தனியா வரும்.

வீட்டம்மா: ஒரே வீடும்மா இது... ஒரே நாள்ல அஸ்திவாரம் போட்டோம். செங்கல்லுக்குத் தண்ணி ஊத்த நாங்க ரெண்டு பேருமா குடத்த தூக்கிக்கிட்டு...

ஆபீசர்: எங்க ரூலுக்கு செங்கல் தெரியாதும்மா. அடுப்புதான் தெரியும்.

வீட்டம்மா: அப்புறமா சேத்துக்கலாம்ல?

ஆபீசர்: சேக்கலாம். மனு குடுக்கணும், மறுபடி ஆளு வந்து அளக்கணும், எனக்கு மேல இருக்கற ஆபீசர் ஒத்துக்கணும். பிரிக்கறதுக்கு இன்னிக்கு உங்க ஒரு கையெழுத்து போதும். சேக்கறதுக்குத்தான் நடையா நடக்கணும்.

மாடிக்காரர்: வரி எவ்வளவு கூடினாலும் அத நான் கட்டிடறேன். ஓனருக்கு என்னால நஷ்டம் வேண்டாம்.

வீட்டம்மா: கேட்டியாம்மா? எல்லாத்தையும் கட்டித் தீத்துடலாம்னு நெனப்பு.

மாடிக்காரர்: ஏன், வாடகைய ஒழுங்கா குடுக்கறேன்ல?

வீட்டம்மா: குடுக்கறாரு. மாசம் பொறந்தா போதும், கவர்ல போட்டு கதவுக்கடியில தள்ளிட்டு, பூனை மாதிரி ஓசைப்படாம மேல போயிடறாரு. காலடி வருதா வருதான்னு கதவுக்குப் பின்னாடியே நிப்பேன் நான். ஒரு கவர் உள்ள வரும். அவ்வளவுதான்.

மாடிக்காரர்: ...கதவுக்குப் பின்னாடியா?

வீட்டம்மா: பின்ன, முன்னாடியா நிப்பாங்க?

ஆபீசர்: அம்மா, வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க. எழுதணும்.

வீட்டம்மா: தெரியாது.

ஆபீசர்: மாசா மாசம் வாங்கறீங்க, தெரியாதுன்னா?

வீட்டம்மா: கவர் வந்துச்சு. எடுத்து வச்சேன். பிரிக்கல.

மாடிக்காரர்: ஒண்ணு கூடவா?

வீட்டம்மா: ஒண்ணு கூட. ஏழாம் நம்பர் டப்பாவுக்குப் பின்னாடி அப்படியே கெடக்கு.

மாடிக்காரர்: அந்த நம்பர்... இன்னும் இருக்கா? கிழிக்கலையா?

ஆபீசர்: கிழிக்கல சார். பசை ரொம்ப பலமாம்.

மாடிக்காரர்: கவர ஏன் பிரிக்கல?

வீட்டம்மா: பிரிச்சா வாடகைய வாங்கிக்கிட்டதா ஆயிடும். நான் வாங்கிக்கிட்டா நீங்க வாடகைக்காரர் ஆயிடுவீங்க. போதுமா? இதுக்கு மேல என்ன சொல்லணும் நான்?

ஆபீசர்: போதும்மா... இருங்க, கண்ணத் துடைச்சுக்கறேன்.

வீட்டம்மா: ஏம்மா, உனக்கு ஏன் கண்ணு கலங்குது?

ஆபீசர்: தூசி. உங்க ஃபிரிட்ஜ் மேல இருந்த தூசிதான்... அம்மா, கவனமா கேளுங்க. கைக்கு வராத வாடகை வாடகை இல்ல. அதனால வாடகைக்கு விட்டதா எழுத மாட்டேன். ஆனா மேல ஒருத்தர் இருக்காரே, அவர் யாருன்னு எழுதியாகணும். ஓனரோட புருஷனோ, பொண்டாட்டியோ, புள்ளைங்களோ, பெத்தவங்களோ இருந்தா அது சொந்தக் குடியிருப்பு. அப்ப எத்தனை அடுப்பு எரிஞ்சாலும் வீடு ஒண்ணுதான். வேற யாரா இருந்தாலும் ரெண்டு வீடு. புரியுதா?

வீட்டம்மா: புரியுது.

ஆபீசர்: இருக்கறது இந்த ஒரு கேள்விதான். இவர் உங்களுக்கு என்ன உறவு?

வீட்டம்மா: அவர்கிட்டயே கேளு. கேட்டதும் குடித்தனக்காரன்னு டக்குன்னு சொன்னாருல்ல?

மாடிக்காரர்: ஓனரத்தானேம்மா கேக்கணும்?

ஆபீசர்: ஆமா சார், ஓனர்தான் சொல்லணும்.

வீட்டம்மா: ஓனர், ஓனர்! அந்த வார்த்தையக் கேட்டாலே எரியுது. என் பேருல எழுதச் சொல்லி யாரும் அழுதாங்களா? எழுதினது யாரு?

மாடிக்காரர்: ஒரு ஆளு... ஆசையா எழுதினான்.

வீட்டம்மா: ஆசையா எழுதினவன் ஒரு வார்த்தைக்கா படி ஏறுவான்?

மாடிக்காரர்: தப்புத்தான். ஏறின அன்னிக்கே தெரிஞ்சுது. எறங்கத்தான் தெரியல.

ஆபீசர்: அம்மா... பேனாவ வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். என்ன உறவு?

வீட்டம்மா: புருஷன்னு எழுது. ஒத்த வார்த்தைக்குக் கோவிச்சுக்கிட்டு மாடி ஏறின புருஷன், "என் வீடு"ன்னு சொல்லிட்டு கீழ தனியா உக்காந்து சோறு எறங்காம கெடக்கற பொண்டாட்டி... இதெல்லாம் எழுத அதுல எடம் இருக்கா?

மாடிக்காரர்: "புருஷன்"னு மட்டும் எழுதிக்கோம்மா, போதும்... நீ எந்திரி, என் தோளப் பிடிச்சுக்கோ, படியில பாத்துக் கால வை. மிச்சத்தையெல்லாம் நான் கீழ வந்து கேட்டுக்கறேன்.